தரைக்கு அடியில் பழுதான கழிவுக் குழாய்: உடைத்து மாற்றுவதா, லைனிங் போடுவதா, வெளிச்சுவர் வழியே திருப்புவதா?

தமிழ்நாட்டில் 1970களிலும் 80களிலும் கட்டிய தனி வீடுகள் பலவற்றில், தரைத்தளக் குளியலறையின் கழிவுக் குழாய்கள் இன்று ஆயுள் முடியும் நிலையில் இருக்கின்றன. ஃப்ளஷ் செய்தால் பக்கத்து நஹானி டிராப்பில் (குளித்த தண்ணீர் வடியும் தரைத் துளையில்) குமிழி எழுகிறது. குளித்த தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்று மெல்ல வடிகிறது. சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிகிறது. டைல்ஸைத் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பது காதுக்கே தெரிகிறது. இந்த நிலையில் ஆலோசனை கேட்டால் ஒரு பிளம்பர் தரையை உடைக்கச் சொல்வார், இன்னொருவர் குழாய்க்கு உள்ளேயே லைனிங் (உட்புற உறை) போடலாம் என்பார், மூன்றாமவர் பழைய குழாயை மண்ணிலேயே விட்டுவிட்டு வெளிச்சுவர் வழியாகப் புதுக் குழாய் கொண்டுபோகலாம் என்பார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு வகை வீட்டுக்குச் சரிதான் என்பதால்தான் பலர் முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

இங்கே பேசப்படுவது தரைத்தளக் குளியலறை மட்டுமே. அடித்தளச் சுவர்களுக்கு நடுவே மண் நிரப்பி, அதன்மேல் பி.சி.சி. எனப்படும் கம்பியில்லாத காங்கிரீட் போட்டு டைல்ஸ் பதித்த தரையே நம் வீடுகளில் வழக்கம். அப்படிப்பட்ட தரை வீட்டின் சுமையைத் தாங்குவதில்லை என்பதால், அதை வெட்டினால் கட்டடம் பலவீனமாகிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. ஆனால் வீட்டின் அடி முழுதும் ஒரே கம்பிக் காங்கிரீட் பலகையாகப் போட்ட ராஃப்ட் அடித்தளத்தின் மேலேயே தரை அமைந்த வீடுகளில் அந்தக் காங்கிரீட் சுமை தாங்குவது. கட்டுமானப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அதில் உளி வைக்கக் கூடாது. எந்த வீடானாலும் பிளிந்த் பீமை (தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் கம்பிக் காங்கிரீட் உத்தரத்தை) வெட்டிக் குழாய் நுழைக்க எவரும் முன்வந்தால் அவரை அப்போதே நிறுத்துங்கள்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது வாட்டம். 110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு 40க்கு 1 முதல் 60க்கு 1 வரை வாட்டம் இருப்பது நல்லது. அதாவது கமோடிலிருந்து சேம்பர் (வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) வரை 6 மீட்டர் தூரம் என்றால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 10 முதல் 15 செ.மீ. இறக்கம் இருக்க வேண்டும். மண் இறங்கிக் குழாயின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டால், குழாயில் ஓட்டையே இல்லாவிட்டாலும் அந்தத் தொய்வில் கழிவு தேங்கிக்கொண்டே இருக்கும். இதைக் கண்ணால் காண ஒரே வழி கேமரா சோதனை. கேமராவை உள்ளே விடும்போது திரையில் முதலில் குழாயின் அடியில் ஒரு மெல்லிய நீர்க்கோடு தெரியும். ஓரிடத்தில் அந்தக் கோடு அகன்று பாதிக் குழாய்வரை உயரும். பிறகு லென்ஸே மூழ்கித் திரை கலங்கிவிடும். சற்றுத் தள்ளி மீண்டும் வெளிச்சம் வரும். கலங்கிய அந்தத் தூரம்தான் தொய்வின் நீளம். இந்தப் பதிவைக் கையில் வாங்காமல் எந்த வழிக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது குழாயின் பொருள். பழைய வீடுகளில் பெரும்பாலும் உப்பு மெருகிட்ட ஸ்டோன்வேர் குழாய்களே மண்ணுக்கு அடியில் இருக்கும். இவை ஏறத்தாழ 60 செ.மீ. நீளத் துண்டுகளாக வந்தவை; ஆகவே 6 மீட்டர் வரிசையில் பத்து இணைப்புகளாவது இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சணல் கயிறு சுற்றிச் சிமெண்ட் கலவை அடைத்திருப்பார்கள். அந்தச் சிமெண்ட் துளியும் வளைந்துகொடுக்காது. கோடையில் சுருங்கி மழையில் உப்பும் களிமண்ணிலோ கரிசலிலோ அது நெடுங்காலம் விரிசல் விடாமல் இருக்க வாய்ப்பில்லை. விரிசல் விட்ட இணைப்பைத் தோண்டி எடுத்துப் பார்த்தால், சணல் மக்கிப்போன இடத்தில் வெள்ளை வேர்கள் கற்றையாக உள்ளே இறங்கியிருக்கும். வார்ப்பிரும்புக் குழாயின் கேடு வேறு விதம்: மேற்பாதி திடமாக இருக்கையில் கழிவு ஓடும் அடிப்பாதி துருவேறித் தகடாக உரிந்துபோகும். பின்னாளில் போட்ட பி.வி.சி.யிலும், மழைநீருக்கான மெல்லிய குழாயைக் கழிவுக்குப் பயன்படுத்தியதும், செங்கல் துண்டுகளின் மேலேயே குழாயை வைத்து மூடியதும் பழுதுக்குக் காரணமாகின்றன.

மூன்றாவதாக, குளியலறை வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறதா, சேம்பர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, வெளித்தரைக்கும் வீட்டுத் தரைக்கும் இடையே எத்தனை செ.மீ. உயரம் மிச்சமிருக்கிறது என்பவற்றை அளக்க வேண்டும். சென்னையின் பழைய தெருக்களில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்து உயர்ந்து, ஒரு காலத்தில் இரண்டடி உயரத்தில் நின்ற வீடுகள் இப்போது சாலை மட்டத்துக்கே வந்துவிட்டன. அந்த வீடுகளில் இந்த ஓர் அளவே சில வழிகளை முற்றாக அடைத்துவிடும்.

கிணறோ, போர்வெல்லோ, தரைக்கடிச் சம்ப்போ கசியும் குழாய்க்கு அருகில் இருந்தால், அது செலவுக் கணக்கையெல்லாம் மீறிய அவசரம். குடும்பத்தின் குடிநீரில் கழிவு கலக்கும் வாய்ப்பை ஒரு பருவமழைக்குக்கூட விட்டுவைக்கக் கூடாது. வீட்டில் இரண்டாவது கழிவறை உண்டா, முதியோரும் நோயுற்றோரும் இருக்கிறார்களா என்பதும் பார்க்க வேண்டியதே. இவற்றோடு, கழிவுக் குழாய்க்குக் காற்றோட்டம் தரும் வெண்ட் குழாயையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான மதிப்பீட்டுத் தாள்களில் அதற்கென ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதால், அதைத் தனியாகக் கீழே விரிவாகப் பேசுகிறேன்.

வழி 1: தரையை உடைத்து அதே தடத்தில் மாற்றுதல்

டைல்ஸை எடுத்து, குழாய் போகும் தடத்தில் காங்கிரீட்டை வெட்டி, பழைய குழாயை நீக்கிப் புதியதை இடுவது இது. கேமராவில் தெரிந்ததும் தெரியாததுமான எல்லாப் பழுதுகளும் நீங்கும்; வாட்டத்தைப் புதிதாக அமைக்கலாம்; கழுவிப்போன மண்ணால் தரைக்கு அடியில் உண்டான வெற்றிடத்தை நிரப்பலாம். மற்ற இரண்டு வழிகளிலும் இந்தக் கடைசி நன்மை தானாகக் கிடைப்பதில்லை.

குழாயின் விலை இதில் சிறு பகுதிதான். பழைய டைல்ஸுக்கு இணையானது கடையில் கிடைக்காது என்பதால் தரை முழுவதும், பெரும்பாலும் சுவரின் கீழ் வரிசையும் மாற வேண்டியிருக்கும். வாட்டர்புரூஃபிங் மீண்டும் செய்து, தண்ணீர் தேக்கிவைத்துச் சோதித்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும். தரைக்குள் போகும் நல்ல தண்ணீர்க் குழாய் பிரேக்கர் மெஷினில் அடிபடுவது அடிக்கடி நடப்பது. கட்டும்போது கரையான் தடுப்பு மருந்து அடித்திருந்தால், தோண்டிய இடத்தில் அந்தத் தடுப்பு அறுந்துவிடும். மூடும்முன் மீண்டும் அடிக்காவிட்டால் அடுத்த அறையின் மரக்கதவு நிலைவரை கரையான் போய்விடும். இடிபாட்டை அப்புறப்படுத்தும் வண்டிக்கூலியும் தனி.

இந்த வேலையின் தரம் முழுவதும் மண்ணை நிரப்புவதில்தான் இருக்கிறது. குழாய்க்கு அடியிலும் பக்கங்களிலும் கல், செங்கல் துண்டு இல்லாத மணல் வேண்டும். அதன்மேல் ஏறத்தாழ 15 செ.மீ. கனத்தில் அடுக்கடுக்காக மண் போட்டு, நனைத்துக் கெட்டிக்க வேண்டும். தோண்டிய இடிபாட்டையே திருப்பித் தள்ளி ஒரே நாளில் காங்கிரீட் மூடிவிட்டால், புதுக் குழாயும் பழையது தொய்ந்த இடத்திலேயே தொய்யும். குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது ஐ.எஸ். 13592 (இந்தியத் தரக் குறியீடு) முத்திரையில் பி வகையைக் கேளுங்கள். ஏ வகை வெண்ட்டுக்கும் மழைநீருக்கும் உரியது. வீட்டுக்கு வெளியே மண்ணில் புதைக்கும் பகுதிக்கு ஐ.எஸ். 15328 குழாய் ஏற்றது.

தொய்வு இருக்கும் வீட்டுக்கும், தரை ஏற்கெனவே இறங்கியிருக்கும் வீட்டுக்கும், எப்படியும் குளியலறையைப் புதுப்பிக்க எண்ணியிருப்பவர்களுக்கும் இதுவே சிறந்தது. வேறு கழிவறை இல்லாத குடும்பத்துக்கு இதுவே மிகக் கடினமானது.

வழி 2: குழாய்க்கு உள்ளே லைனிங்

பிசின் ஊறிய துணியுறையைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றாலோ நீராலோ விரித்து, வெந்நீர், நீராவி அல்லது புற ஊதா ஒளியால் இறுகவைக்கும் முறை இது. எரிக் உட் என்ற பொறியாளர் 1971இல் லண்டனில் முதன்முதலாகச் செய்துகாட்டியது. நம் நாட்டில் பெரும்பாலும் மாநகரங்களின் பெரிய பாதாளச் சாக்கடைகளைச் சீர்செய்யவே பயன்படுகிறது. வீட்டின் 4 அங்குலக் குழாய்க்கு இதைச் செய்யும் அனுபவமுள்ளவர்கள் பெருநகரங்களிலும் குறைவு. சிறு ஊர்களில் கிடைப்பது அரிது.

தரை உடையாது, இணைப்புகளே இல்லாத ஒரே நீளக் குழாய் கிடைக்கும், வேர் நுழைய இடமிருக்காது என்பவை உண்மையான நன்மைகள். 100 மி.மீ. குழாயில் 3 மி.மீ. கனத்தில் உறை போட்டால் உள்விட்டம் 94 மி.மீ. ஆகும், உட்பரப்பு வழவழப்பாகிவிடுவதால் இந்தக் குறைவு பெரிதாகப் பாதிக்காது. ஆனால் உறை பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். தொய்ந்த குழாயில் உறை போட்டால் கிடைப்பது கசிவில்லாத தொய்வு மட்டுமே. நொறுங்கி விழுந்த குழாயில் உறை நுழையவே முடியாது. கூர்மையான வளைவுகளில் துணி மடிந்து, அந்த மடிப்பிலேயே பின்னர் அடைப்பு ஏற்படலாம்.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. உறை போடும்முன் குழாயை அழுத்த நீரால் சுத்தம் செய்வார்கள். துருவேறி மெலிந்த வார்ப்பிரும்பு அந்த அழுத்தத்திலேயே பொத்துக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால் தரையை உடைக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். தரைக்கு அடியில் ஏற்பட்ட வெற்றிடம் அப்படியே இருக்கும் என்பதால், தனியாகத் துளையிட்டுக் கிரவுட் (சிமெண்ட் கூழ்) செலுத்தவும் நேரலாம்.

குளியலறை வீட்டின் நடுவில் இருந்து, கழிவுக் குழாய் கூடத்துக்கோ பூஜை அறைக்கோ அடியில் நேராக நெடுந்தூரம் போகிறது, வாட்டமும் கெடவில்லை, இணைப்புகளில்தான் கசிவு என்றால் லைனிங்குக்கு ஈடான வழி இல்லை. அதைவிட்டு, மூன்று மீட்டரில் வெளிச்சுவரைத் தொடும் சிறிய குளியலறைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி 3: பழையதைக் கைவிட்டு வெளிச்சுவர் வழியே புது வழி

தரையடிக் குழாயை இரண்டு முனைகளிலும் அடைத்துவிட்டு, கழிவைச் சுவரின் ஊடாக வெளியே எடுத்து, வெளியில் புதுச் சேம்பரில் சேர்ப்பது இது. தரையில் இறங்கும் எஸ் டிராப் கமோடுக்குப் பதிலாகப் பின்பக்கமாக வெளியேறும் பி டிராப் கமோடோ சுவரில் மாட்டும் கமோடோ வைக்க வேண்டும். பி டிராப்பின் வெளிவழி தரையிலிருந்து ஏறத்தாழ 18 செ.மீ. உயரத்தில் இருப்பதால் கமோடின் கழிவு எளிதில் வெளியே போய்விடும். சிக்கல் எல்லாம் குளிக்கும் தண்ணீரில்தான். அது தரை மட்டத்தில் விழுந்து அதற்கும் கீழேதான் வெளியேற முடியும்.

இங்கேதான் வீட்டின் கட்டுமான வகை கணக்குக்கு வருகிறது. தூண் பீம் இல்லாமல் சுவரே சுமை தாங்கும் பழைய வீடுகளில், தரை மட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மெண்ட் செங்கல் சுவரில் கோர் கட்டிங் மெஷினால் வட்டத் துளை போட்டு நஹானி டிராப்பின் குழாயை வெளியே எடுக்கலாம். தூண் வைத்துக் கட்டிய வீடுகளில் அதே இடத்தில் பிளிந்த் பீம் குறுக்கே நிற்கும். அப்போது பீமுக்கு மேலே குழாய் போகும்படி குளியலறைத் தரையை 12 முதல் 15 செ.மீ. வரை உயர்த்துவதைத் தவிர வழியில்லை. உயர்த்தினால் வாசலில் ஒரு படி வரும், கதவை அடியில் அறுக்க வேண்டும், குழாய்முனைகளின் உயரமும் மாறும். முழங்கால் வலியுள்ள முதியவர் இரவில் எழுந்து போகும் குளியலறையில் அந்தப் படி ஓர் ஆபத்து. இதை வேலை முடிந்த பிறகு உணர்ந்து பயனில்லை.

நன்மைகளும் பெரியவை. புதுக் குழாய் கண்ணெதிரே இருப்பதால் பழுதானால் உடனே தெரியும். வெளி வேலை முடியும்வரை பழைய கழிவறையைப் பயன்படுத்திக்கொண்டே இருந்து, கடைசிச் சில நாள்களில் மட்டும் இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். வெயில் படும் குழாய்க்குப் பெயிண்ட் அடிப்பதும், பக்கச் சந்தில் வண்டி இடிக்காதபடி மறைப்பதும் சிறு செலவுகள்தான்.

வீட்டுத் தரை வெளித்தரையைவிடப் போதிய உயரத்தில் இருந்து, குளியலறை வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நான் முதலில் பரிசீலிப்பது இந்த வழியைத்தான். சாலை மட்டத்துக்குத் தாழ்ந்துவிட்ட வீடுகளில் இது பொருந்தாது. மழைக்காலத்தில் சேம்பர் நிரம்பினால் ஆழமில்லாத புதுக் குழாய் வழியே கழிவு உள்ளே திரும்பும்.

தரையைத் தொடாமல் வெளியிலிருந்து வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் குழாய் மாற்றும் முறை ஒன்றும் உண்டு. டெக்சாஸின் கெட்டிக் களிமண்ணில் அது வழக்கம். கடலோர மணலிலும், மேலேயே நிலத்தடி நீர் நிற்கும் இடங்களிலும் அதை முயல்வது உயிருக்கு ஆபத்து.

| பார்க்க வேண்டியது | உடைத்து மாற்றுதல் | லைனிங் | வெளிச்சுவர் வழி |
|---|---|---|---|
| கெட்ட வாட்டம் | முழுமையாகச் சீராகும் | சீராகாது | புதிதாக அமையும் |
| நொறுங்கிய குழாய் | மாற்றலாம் | இயலாது | தேவையற்றதாகிவிடும் |
| தரையடி வெற்றிடம் | நிரப்பலாம் | தனி வேலை | தனி வேலை |
| டைல்ஸ், வாட்டர்புரூஃபிங் | முழுதும் புதிது | பெரும்பாலும் தேவையில்லை | தரையை உயர்த்தினால் முழுதும் |
| கழிவறை இல்லாத நாள்கள் | மிக அதிகம் | மிகக் குறைவு | ஓரளவு |
| வெண்ட் இணைப்பு | தரை திறந்திருக்கும்போதே | வெட்டித் திறக்க வேண்டும் | வெளியே நேராக ஏற்றலாம் |
| செய்யத் தெரிந்தவர் | எல்லா ஊரிலும் | பெருநகரில் சிலர் | எல்லா ஊரிலும் |

வெண்ட் குழாயை மறந்தால்

ஒவ்வொரு டிராப்பிலும் ஏறத்தாழ 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்றும் கரப்பானும் உள்ளே வராமல் தடுக்கிறது. கமோடிலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். அந்தக் காற்று வெண்ட் வழியே கிடைக்காவிட்டால், பக்கத்து நஹானி டிராப்பில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். புதுக் குழாய், புது டைல்ஸ் எல்லாம் போட்ட பிறகும் குளியலறையில் நாற்றம் போகவில்லை என்று வருந்தும் வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

உடைத்து மாற்றும்போது பழைய வெண்ட்டின் அடிமுனை மண்ணுக்குள் எங்கே சேர்கிறது என்பதைப் பார்த்து, அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். வெண்ட் கிளையைக் கழிவுக் குழாயின் மேற்பாதியிலிருந்து சாய்வாக மேல்நோக்கி எடுக்க வேண்டும். படுக்கையாக எடுத்தால் கழிவு ஏறிப் படிந்து, நாளடைவில் அடைத்துக்கொள்ளும். லைனிங்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. உறை ஒரே நீளமாகப் போவதால் கிளைகளின் வாய்களை எல்லாம் மூடிவிடும். கமோடின் வாயையும் நஹானி டிராப்பின் வாயையும் மறக்காமல் வெட்டித் திறப்பார்கள், ஏனென்றால் திறக்காவிட்டால் அன்றே தெரிந்துவிடும். வெண்ட்டின் வாய் மூடியே கிடந்தால் யாருக்கும் உடனே தெரியாது. ஆகவே வேலைக்குப் பிந்திய கேமரா பதிவில் வெண்ட்டின் வாய் திறந்திருப்பதைக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். வெளிச்சுவர் வழியில் இந்தத் தொல்லையே இல்லை: அதே சுவரில் 75 மி.மீ. குழாயை நேராக மொட்டை மாடிக்கு மேல், ஆள் தலைக்கும் உயரமாக, ஜன்னல்களுக்கு எட்டத்தில் ஏற்றிவிடலாம்.

மாடிவரை குழாய் ஏற்றும் செலவைத் தவிர்க்க, ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு ஒன்றை வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வால்வு காற்றை உள்ளே விடுமே தவிர, குழாயில் சேரும் வாயுவை வெளியேற்றாது. ஆகவே கிளைக் குழாய்க்குத் துணையாக மட்டும் வைக்கலாம். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் குறைந்தது 50 மி.மீ. அளவில், கொசுவலை கட்டிய, திறந்த வெண்ட் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

தடுமாற்றம் நீங்காத வீடுகளுக்கு

பல வீடுகளில் ஒரே வழி முழுதும் பொருந்தாது. கலந்து செய்வதே நல்ல விடையாக இருக்கும். கமோடை வெளிச்சுவர் வழியாகத் திருப்பிவிட்டு, நஹானி டிராப்பின் குட்டைக் குழாயை மட்டும் தரை உடைத்து மாற்றினால், உடைக்கும் தடம் ஒன்றிரண்டு மீட்டராகச் சுருங்கும். தொய்வு ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அந்த இடத்தை மட்டும் உடைத்துச் சரிசெய்துவிட்டு, மீதி நீளத்துக்கு லைனிங் போடலாம். ஒப்பந்ததாரர் இப்படிப் பிரித்துச் செய்யத் தயங்கினால், மூன்று வழிகளுக்கும் தனித்தனி மதிப்பீடு கேட்டு, டைல்ஸ், வாட்டர்புரூஃபிங், கரையான் மருந்து, இடிபாடு அகற்றல், வெண்ட் ஆகியவை ஒவ்வொன்றிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விட்டுப்போனவற்றைச் சேர்த்ததும் மலிவாகத் தெரிந்த வழி பெரும்பாலும் மலிவாக இருக்காது.

எந்த வழியானாலும் மாசியிலிருந்து ஆனிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிவிட்டால் தோண்டிய பள்ளத்தில் ஊற்று எடுக்கும். மணலைக் கெட்டிக்க முடியாது. புதுக் குழாயைச் செப்டிக் டேங்கில் சேர்க்கும் வேலைக்காக எந்த மனிதரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உரிய பாதுகாப்பில்லாமல் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது, மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்; உள்ளே இருக்கும் வாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும். லாரியால் உறிஞ்சிய பிறகு வெளியிலிருந்தே இணைப்பைச் செய்ய முடியும்.

தரையைத் திறந்திருந்தால், மூடுவதற்கு முன் சேம்பர் முனையை அடைத்துக் குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தை அடையாளமிட்டு அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கசியும் இணைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை கொத்தனாரைக் காங்கிரீட் கலக்க விடாதீர்கள். மட்டம் நின்றால், இரண்டு சுவர்களிலிருந்தும் டேப் பிடித்துக் குழாயின் தடத்தையும் ஆழத்தையும் அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.